ஊருக்கேற்ற இணையக் கட்டமைப்பு எது?

பெரம்பலூர் மாவட்டம் குன்னம் வட்டத்தில் வெள்ளாற்றின் கரையில் அமைந்திருக்கும் பேரூராட்சி லப்பைக்குடிக்காடு. ஆற்றின் எதிர்க்கரையில் கடலூர் மாவட்டத்துத் திட்டக்குடி. ஊரைச் சேர்ந்த பலர் வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூர், மலேசியாவிலும் பணிபுரிகின்றனர். குடிநீர் விநியோக நேரம், பள்ளிச் சேர்க்கை அறிவிப்பு, சொத்து வரிக்கான கடைசி நாள், துயரச் செய்தி என எதுவாயினும் அது ஊருக்குள் இருப்பவரைப் போலவே கடல் கடந்து இருப்பவரையும் சென்றடைய வேண்டியிருக்கிறது.

இத்தகைய ஊர்களில் ஒரு பள்ளியோ, ஜமாஅத்தோ, வணிகர் சங்கமோ, வெளிநாடு வாழ் ஊர்க்காரர்களின் நலச் சங்கமோ சொந்தமாக ஓர் இணையதளம் அமைக்க முற்படும்போது, மென்பொருள் வல்லுநர் முதலில் கேட்கும் கேள்விகளுள் ஒன்று: 'மரபான உள்ளடக்க மேலாண்மை அமைப்பு போதுமா, அல்லது ஹெட்லெஸ் அமைப்பு வேண்டுமா?'. கேட்கப்படுபவருக்குக் கேள்வியே விளங்குவதில்லை. விளங்காத நிலையில் 'புதியது எதுவோ, அதையே அமைத்துவிடுங்கள்' என்று கூறிவிடுகிறார். பொதுப்பணம் வீணாவது பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. இது தொழில்நுட்பக் கேள்வி போலத் தோன்றினாலும், அடிப்படையில் ஒரு பொருளாதாரக் கேள்வியே.

உள்ளடக்க மேலாண்மை அமைப்பு என்பது, கணினி நிரல் எழுதத் தெரியாத ஒருவரும் இணையதளத்தில் எழுதவும், திருத்தவும், படம் சேர்க்கவும் உதவும் மென்பொருள். 2001-இல் வெளியான துருபல், 2003-இல் தோன்றிய வேர்ட்பிரஸ், 2005-இல் வந்த ஜூம்லா ஆகியவை இவற்றுள் பரவலாக அறியப்பட்டவை. மூன்றும் கட்டற்ற மென்பொருள்கள். உரிமக் கட்டணம் கிடையாது. இன்று உலகின் இணையதளங்களில் பத்தில் நான்குக்கும் மேற்பட்டவை வேர்ட்பிரஸில் இயங்குவதாக மதிப்பிடப்படுகிறது.

மரபான அமைப்பில் எழுதும் இடம், சேமிக்கும் இடம், வாசகருக்குக் காட்டும் முகப்பு ஆகிய மூன்றும் ஒரே கூரையின்கீழ் இருக்கும். முன்புறம் கடையும் பின்புறம் வீடுமாக இருக்கும் கட்டடத்தைப் போன்றது இது. ஹெட்லெஸ் அமைப்பில் எழுதுவதும் சேமிப்பதும் மட்டுமே நடைபெறும். 'தலை' என்று அவர்கள் குறிப்பிடும் முகப்பு அதில் இராது. உள்ளடக்கம் ஏபிஐ எனப்படும் இணைப்பு வழியாகக் கேட்பவருக்கெல்லாம் வழங்கப்படும். இணையதளம், கைப்பேசிச் செயலி, பேருந்து நிலையத்து மின்பலகை, குரல்வழிச் சேவை என ஒவ்வொன்றும் தனக்குரிய முகப்பைத் தானே அமைத்துக்கொள்ளும். இது, சில்லறை விற்பனை செய்யாமல் பல கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் கிடங்கைப் போன்றது.

இந்த யோசனை பிறந்த சூழல் கவனிக்கத்தக்கது. அமெரிக்காவின் தேசியப் பொது வானொலி 2008-இல் தன் உள்ளடக்கத்தை ஏபிஐ வழியாகத் திறந்துவிட்டது. 'ஒருமுறை உருவாக்கு, எங்கும் வெளியிடு' என்பது அதன் கொள்கையாயிற்று. ஒரே செய்தி அதன் சொந்தத் தளத்துக்கும், நாடெங்கும் உள்ள உறுப்பு நிலையங்களின் தளங்களுக்கும், அப்போது புதிதாகப் பரவத் தொடங்கியிருந்த திறன்பேசிகளுக்கும் செல்ல வேண்டிய தேவை அதற்கு இருந்தது. தேவை முதலில் வந்தது. கட்டமைப்பு அதைத் தொடர்ந்து வந்தது. பின்னர் 2013-இல் ஜெர்மனியின் பெர்லினில் தொடங்கப்பட்ட கன்டென்ட்ஃபுல் போன்ற நிறுவனங்கள் இதையே சந்தா சேவையாக விற்கத் தொடங்கின. பிரான்சில் உருவான ஸ்ட்ராப்பி போன்ற திறந்தமூல மென்பொருள்களும் வந்தன.

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு பிபிசி தமிழ். பிபிசி உலக சேவையின் நாற்பதுக்கும் மேற்பட்ட மொழிப் பிரிவுகளின் இணையப் பக்கங்களை 'சிமோர்க்' என்ற ஒரே முகப்பு மென்பொருள் உருவாக்குகிறது. செய்தி எழுதப்படும் அமைப்பு வேறு. அதை வாசகருக்குக் காட்டும் அமைப்பு வேறு. முகப்பில் செய்யப்படும் ஒரு சீரமைப்பு தமிழுக்கும், உருதுவுக்கும், சுவாகிலிக்கும் ஒருசேரப் பயனளிக்கிறது. செலவு ஒருமுறை, பயன் நாற்பது மடங்கு.

இங்குதான் ஆடம் ஸ்மித் நினைவுக்கு வருகிறார். உழைப்புப் பிரிவினை உற்பத்தியைப் பெருக்கும் என்பதைக் குண்டூசித் தொழிற்சாலையைக் கொண்டு 1776-இல் விளக்கிய அவர், அதைத் தொடர்ந்த ஓர் அத்தியாயத்தில் அந்தப் பிரிவினைக்குச் சந்தையின் அளவே எல்லை என்பதையும் தெளிவுபடுத்தினார். நகரத்தில் தச்சர் வேறு, சக்கரம் செய்பவர் வேறாக இருக்கலாம். சிற்றூரில் இரண்டையும் ஒருவரே செய்தாக வேண்டும். ஹெட்லெஸ் என்பது இணையதளப் பணியில் ஓர் உழைப்புப் பிரிவினை. அது பயன் தருமா என்பது, எத்தனை இடங்களுக்கு, எவ்வளவு உள்ளடக்கம் செல்கிறது என்பதைப் பொறுத்தது.

கணக்கிட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவையே. ஓர் ஊர்ச் சங்கம் மாதம் 20 அறிவிப்புகள் வெளியிடுகிறது. ஒன்றைப் பதிவேற்ற கால் மணி நேரம். இணையதளம், செயலி, வாட்ஸ்ஆப், ஃபேஸ்புக் என நான்கு இடங்களில் தனித்தனியே பதிவேற்றினால் மாதம் 20 மணி நேரம் ஆகும். ஒரே இடத்தில் பதிவேற்றி நான்குக்கும் தானாகச் செல்லுமாறு அமைத்தால் ஐந்து மணி நேரம் போதும். மிச்சம் 15 மணி நேரம். ஒரு மணி நேர உழைப்பின் மதிப்பு 100 ரூபாய் எனில் மாதம் 1,500 ரூபாய், ஆண்டுக்கு 18,000 ரூபாய் மிச்சம். ஆனால், ஹெட்லெஸ் அமைப்பை உருவாக்கக் கூடுதலாக ஒன்றரை லட்சமும், பராமரிக்க ஆண்டுக்குக் கூடுதலாக 40,000 ரூபாயும் ஆகுமானால், முதலீடு ஒருபோதும் திரும்பாது; ஆண்டுதோறும் நஷ்டமே.

இதே கணக்கை மாதம் 600 செய்திகள் வெளியிடும் ஒரு செய்தி நிறுவனத்துக்குப் போட்டுப் பார்த்தால் முடிவு தலைகீழாகிறது. அங்கு மிச்சம் மாதம் 450 மணி நேரம். ஆண்டுக்கு 5,40,000 ரூபாய். போட்ட முதல் சில மாதங்களிலேயே திரும்பிவிடும். தொழில்நுட்பம் ஒன்றுதான், அளவுதான் வேறு.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு செலவும் உண்டு. ரொனால்ட் கோஸ் 1937-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, நிறுவனங்கள் ஏன் தோன்றுகின்றன என்ற கேள்விக்கு, சந்தையில் ஒவ்வொரு பணிக்கும் ஆள் தேடி, பேரம் பேசி, ஒப்பந்தமிட்டுக் கண்காணிக்க ஆகும் செலவே காரணம் என்று விடையளித்தது. மரபான இணையதளம் பழுதானால் ஒருவரை அழைத்தால் போதும். ஹெட்லெஸ் அமைப்பில் உள்ளடக்கக் கிடங்கைப் பராமரிப்பவர், முகப்பு எழுதியவர், முகப்பை இயக்கும் சேவையகத்தை வழங்குபவர் என மூவர் இருக்கக்கூடும். பக்கம் திறக்கவில்லை என்றால் மூவரும் மற்ற இருவரைக் கைகாட்டும் வாய்ப்பு உண்டு. பெரிய நிறுவனத்தில் இதை ஒருங்கிணைக்கத் தனிக்குழு இருக்கும். ஊர்ச் சங்கத்தில் அந்தப் பொறுப்பு, மாலை நேரத்தில் கணக்கு எழுதும் செயலாளரின் தலையில் விழும்.

எழுதுபவரின் வசதியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மரபான அமைப்பில், வெளியிடும் முன் பக்கம் எப்படித் தோன்றும் என்பதை அப்படியே பார்த்துவிடலாம். ஹெட்லெஸ் அமைப்பில் அந்த முன்னோட்டத்தைத் தனியே அமைத்தால்தான் உண்டு. பள்ளி ஆசிரியரோ, அலுவலக உதவியாளரோ ஓய்வு நேரத்தில் இயக்கும் தளத்துக்கு இது சிறிய குறையல்ல. இயக்கக் கடினமான தளம் விரைவில் கைவிடப்படும்.

அதற்காக மரபான அமைப்பு குறைகளற்றது என்று பொருளல்ல. பாதுகாப்பு அதன் பலவீனமான பக்கம். துருபலில் ஒரு பெரும் பாதுகாப்புக் குறை 2014 அக்டோபர் 15 அன்று அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்த ஏழு மணி நேரத்துக்குள் சரிசெய்யப்படாத தளங்கள் ஊடுருவப்பட்டதாகவே கருதப்பட வேண்டும் என்று துருபல் பாதுகாப்புக் குழுவே பின்னர் எச்சரித்தது. ஏழு மணி நேரத்தில் விழித்துக்கொள்ளும் ஆள் எந்த ஊர்ச் சங்கத்தில் இருக்கிறார்? வேர்ட்பிரஸில் கண்டறியப்படும் குறைகளில் மிகப் பெரும்பாலானவை மூல மென்பொருளில் இருப்பதில்லை; யார் யாரோ எழுதி, நாம் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் செருகுநிரல்களில்தான் இருக்கின்றன. ஹெட்லெஸ் அமைப்பில் உள்ளடக்கக் கிடங்கைப் பொதுமக்கள் நேரடியாக அணுகாதவாறு மறைத்துவைக்க முடியும் என்பதால் தாக்குதலுக்கான பரப்பு குறைகிறது. வாசகர் கூட்டம் திடீரெனப் பெருகும்போது ஈடுகொடுப்பதும் எளிது.

ஆயினும், ஹெட்லெஸ் உலகின் நிலையாமையையும் மறக்கக் கூடாது. ஒரு காலத்தில் முகப்பு அமைக்கப் பலரும் விரும்பித் தேர்ந்த கேட்ஸ்பி என்ற மென்பொருளை 2023-இல் நெட்லிஃபை நிறுவனம் வாங்கியது. அதன்பின் அதன் வளர்ச்சி தளர்ந்தது. அதை நம்பியிருந்தவர்கள் மாற்று வழி தேட நேர்ந்தது. சந்தா சேவைகளில் பலவற்றின் கட்டணம் டாலரில் கணக்கிடப்படுகிறது. ரூபாயின் மதிப்பு சரியும்போதெல்லாம் ஊர்ச் சங்கத்தின் இணையச் செலவும் உயரும். மறுபுறம், கட்டற்ற மென்பொருளும் முற்றிலும் அபாயமற்றதல்ல. 2024 செப்டம்பரில் வேர்ட்பிரஸின் நிறுவனர்களுள் ஒருவருக்கும் டபிள்யூபி என்ஜின் என்ற நிறுவனத்துக்கும் மூண்ட பூசல், இருவருக்கும் தொடர்பில்லாத தள உரிமையாளர்களையும் பாதித்தது.

ஆகவே, 'எது சிறந்தது?' என்ற கேள்வியைவிட 'எதிலிருந்து எளிதில் வெளியேற முடியும்?' என்பதே முக்கியமான கேள்வி. பொருளாதார அறிஞர்கள் கார்ல் ஷபிரோவும் ஹால் வேரியனும் தகவல் பொருளாதாரம் குறித்து எழுதுகையில் மாறுதல் செலவு என்ற கருத்தை விரிவாக விளக்கினர். ஒரு பொருளை வாங்கும் விலையைக் காட்டிலும், அதை விட்டு இன்னொன்றுக்கு மாற ஆகும் விலை அதிகமாக இருந்தால் வாங்கியவர் சிக்கிக்கொள்கிறார்.

தமிழர்களாகிய நாம் இந்தச் சிக்கலை ஏற்கெனவே ஒருமுறை அனுபவித்திருக்கிறோம். இணையம் தமிழ்நாட்டில் பரவத் தொடங்கிய காலத்தில் ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென ஓர் எழுத்துருவையும் குறியாக்கத்தையும் வைத்திருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அந்தச் செய்தி புரியாத குறிகளாகவே தெரிந்தது. உள்ளடக்கமும் தோற்றமும் பிரிக்க முடியாதபடி பிணைந்து கிடந்தன. 1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டை அடுத்து டாம், டாப் குறியாக்கங்கள் தரப்படுத்தப்பட்டன. 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. இதற்கிடையில் பழைய குறியாக்கங்களில் எழுதப்பட்டவற்றுள் உரிய நேரத்தில் மாற்றப்படாதவை இன்று தேடலில் அகப்படுவதில்லை. எந்த மென்பொருள் என்பதைக் காட்டிலும், தரவு எந்த வடிவில் சேமிக்கப்படுகிறது என்பதே நெடுங்காலப் பயனைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தரவின் வடிவம் என்றால் என்ன என்பதை நம் மாவட்டங்களின் வரலாறே விளக்கும். பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995-இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001-இல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002-இல் மீண்டும் இணைக்கப்பட்டது. 2007-இல் மறுபடியும் தனி மாவட்டமானது. அரியலூர்ப் பகுதியில் உள்ள நூறு பள்ளிகளைப் பற்றி நூறு பக்கங்கள் எழுதிவைத்திருக்கும் ஒருவர், மாவட்டத்தின் பெயரை ஒவ்வொரு பக்கத்தின் வாக்கியங்களுக்குள்ளும் எழுதியிருந்தால், ஒவ்வொரு மாற்றத்தின்போதும் நூறு பக்கங்களையும் திருத்த வேண்டும். 'மாவட்டம்' என்பதைத் தனிப் புலமாக வைத்திருந்தால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். ஹெட்லெஸ் அமைப்பு இந்த ஒழுங்கைக் கட்டாயமாக்குகிறது. மரபான அமைப்பு இதை அனுமதிக்கிறது, ஆனால் வற்புறுத்துவதில்லை. வேறுபாடு அவ்வளவே.

தமிழுக்கென்று சில கூடுதல் கவனங்களும் தேவை. ஓர் ஊரின் பெயரையே 'லப்பைக்குடிக்காடு', 'லெப்பைக்குடிக்காடு', 'லப்பைகுடிகாடு' எனப் பலவாறு எழுதுகிறோம். எப்படித் தேடினாலும் கிடைக்க வேண்டுமானால் மாற்றுப் பெயர்களுக்கென ஒரு புலம் வேண்டும். 'கொ' என்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரு துண்டுகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டும் கணினிக்கு வேறு வேறு. இவற்றைச் சீராக்கும் ஏற்பாடு உண்டா என்பதை ஒப்பந்தமிடும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

இரண்டில் ஒன்றையே தேர்ந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2016 டிசம்பரில் வெளியான 4.7 பதிப்பு முதல், வேர்ட்பிரஸ் தன் உள்ளடக்கத்தை ஏபிஐ வழியாகவும் முழுமையாக வழங்குகிறது. துருபலும் அவ்வாறே. இன்று மரபான தளமாகத் தொடங்கி, நாளை செயலி தேவைப்படும்போது அதே உள்ளடக்கத்தை அதற்கும் அளிக்கலாம். தமிழ் விக்கிப்பீடியா இதற்கு நல்ல சான்று. 2003-இல் தொடங்கப்பட்ட அது மீடியாவிக்கி என்ற மரபான மென்பொருளில்தான் இயங்குகிறது. எனினும், அதன் கட்டுரைகள் ஏபிஐ வழியே கைப்பேசிச் செயலிக்குச் செல்கின்றன. இணைய இணைப்பின்றிப் படிக்கும் தொகுப்புகளாகவும் கிடைக்கின்றன. ஈழத்து நூல்களைப் பாதுகாக்க 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டமும் தன் பட்டியலுக்கு அதே மீடியாவிக்கியைத்தான் பயன்படுத்திவருகிறது. எளிய மென்பொருளும் ஒழுங்கான பதிவும் சேர்ந்தால் அரிய பணிகளும் நீடித்து நிற்கும்.

அரசின் அளவில் கணக்கு வேறாகிறது. இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009-இல் முதன்முதலாக வெளியிடப்பட்டன; மூன்றாம் பதிப்பு 2023-இல் வந்தது. பார்வைக் குறைபாடு உடையோர் உள்ளிட்ட அனைவரும் பயன்படுத்தும் வகையில் தளங்கள் அமைய வேண்டும் என்பது அவற்றின் முக்கியக் கூறு. ஒவ்வொரு அலுவலகமும் தனித்தனியே இதை நிறைவேற்றுவது கடினம். அதனால்தான், தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய பொதுக் கட்டமைப்பில் பெரம்பலூர் உள்ளிட்ட மாவட்டங்களின் இணையதளங்கள் இயங்குகின்றன. நிலையான செலவு ஒருமுறை. அது எல்லா மாவட்டங்களுக்கும் பகிரப்படுகிறது.

தமிழ்நாட்டில் நானூற்றுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகள் இருக்கின்றன. பெரம்பலூர் மாவட்டத்தில் மட்டும் லப்பைக்குடிக்காடு, குரும்பலூர், அரும்பாவூர், பூலாம்பாடி என நான்கு. இவை வெளியிட வேண்டிய தகவல்கள் ஏறத்தாழ ஒரே வகையினவே: வரி, குடிநீர், பிறப்பு - இறப்புச் சான்று, ஒப்பந்தப்புள்ளி, மன்றத் தீர்மானம். இவை அனைத்துக்கும் மாநில அளவில் ஒரே உள்ளடக்கக் கிடங்கும், அதிலிருந்து இணையதளம், செயலி, குறுஞ்செய்தி, அலுவலக மின்பலகை ஆகியவற்றுக்குத் தகவல் செல்லும் ஏற்பாடும் இருக்குமானால், அதுவே ஹெட்லெஸ் அமைப்புக்கு உரிய இடம். சவூதியில் இருக்கும் மகனும், வீட்டில் இருக்கும் தாயும் வரி செலுத்தக் கடைசி நாளை ஒரே நேரத்தில், ஒரே வாசகமாகப் பெறுவார்கள். ஒரு பேரூராட்சி தனியே செய்தால் வீண் செலவாவது, மாநிலம் சேர்ந்து செய்தால் சிக்கனமாகிறது.

ஊர் அளவிலான அமைப்புகளோ, மரபான அமைப்பைத் தேர்வதே இப்போதைக்கு விவேகம். மூன்று நிபந்தனைகளுள் இரண்டாவது நிறைவேறினால் மட்டுமே ஹெட்லெஸ் பற்றி யோசிக்கலாம்: ஒரே உள்ளடக்கம் குறைந்தது மூன்று வெவ்வேறு முகப்புகளுக்கு நாள்தோறும் செல்ல வேண்டியிருத்தல், முழுநேர மென்பொருள் வல்லுநர் ஒருவரையேனும் தொடர்ந்து வைத்துக்கொள்ளும் வருவாய் இருத்தல், ஒரே நாளில் பல்லாயிரம் பேர் தளத்துக்கு வரும் வாய்ப்பு இருத்தல்.

எதைத் தேர்ந்தாலும் சிலவற்றில் சமரசம் கூடாது. தளத்தின் முகவரி, அமைத்துத் தருபவரின் பெயரில் அல்லாமல் அமைப்பின் பெயரிலேயே பதிவு செய்யப்பட வேண்டும். கடவுச்சொற்கள் பொறுப்பாளர் இருவரிடமேனும் இருக்க வேண்டும். உள்ளடக்கம் முழுவதையும் மாதம் ஒருமுறை பொதுவான வடிவில் இறக்கி, சேவையகத்துக்கு வெளியே சேமிக்க வேண்டும். அந்தப் பிரதியிலிருந்து தளத்தை மீட்டெடுக்க முடிகிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதித்துப் பார்க்க வேண்டும். செருகுநிரல்கள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. உறுப்பினர்களின் கைப்பேசி எண், கடவுச்சீட்டு விவரம் போன்றவற்றை, தேவையின்றித் தளத்தில் சேமிக்கவே கூடாது. எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டிருப்பதை நினைவிற்கொள்ள வேண்டும். ஒப்பந்தத்தில், விலகும் நாளில் எல்லாத் தரவுகளையும் இன்ன வடிவில் ஒப்படைப்பேன் என்ற பிரிவு கட்டாயம் இடம்பெற வேண்டும்.

ஓர் ஊரின் இணையதளம் வெறும் விளம்பரப் பலகை அன்று. பத்தாண்டுகள் முறையாக எழுதப்பட்டால் அதுவே அந்த ஊரின் ஆவணக் காப்பகம். எந்த ஆண்டு ஆற்றில் வெள்ளம் வந்தது, பள்ளி எப்போது தரம் உயர்த்தப்பட்டது, தெருவுக்குக் குழாய் எப்போது வந்தது என்பதையெல்லாம் அடுத்த தலைமுறை அங்குதான் தேடும். அமைத்துத் தந்தவர் தொழிலை மாற்றிக்கொண்டதாலோ, சந்தா கட்டத் தவறியதாலோ அந்த ஆவணம் அழியக்கூடாது. மென்பொருள்கள் வரும், போகும். உள்ளடக்கம் நம் கையில் இருக்கிறதா என்பதை உறுதிசெய்துகொண்டு, நம் தேவையின் அளவுக்கேற்பச் செலவழிப்பதே முறை.

கட்டுரையாளர்:
பேராசிரியர் (ஓய்வு).